தருமபுரியில் படித்த துரை

உங்கள் வீட்டிலோ, எதிர் வீட்டிலோ, குறைந்த பட்சம் மாடிப் போர்ஷனிலாவது, ஒரு பிள்ளையோ பெண்ணோ இப்போது வெளிநாட்டுக்குக் கிளம்பிக் கொண்டிருக்கும். முன்னெல்லாம் சீமைப் படிப்பு என்றால் மூன்று வருஷம், நாலு வருஷம். ஹார்பரிலோ விமான நிலையத்திலோ மாலை போட்டுக் கண்ணீர் விட்டு அனுப்புவார்கள். இப்போது அப்படி இல்லை. காலேஜ் இங்கே, பட்டம் இங்கே. நடுவில் ஒரே ஒரு 'செமஸ்டர்' மட்டும் அங்கே. நாலைந்து மாதம். தீபாவளிக்குக் கிளம்பினால் தமிழ்ப் புத்தாண்டுக்குத் திரும்பிவிடலாம்.

மாதம் குறைந்தாலும் அம்மாவின் பாடு குறைந்ததாகத் தெரியவில்லை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நாரத்தங்காய், சின்னக் குக்கர் ஒன்று. பெட்டியைத் தராசில் வைப்பதும், இருபத்து மூன்று கிலோவைத் தாண்டிவிட்டதென்று ஊறுகாயை வெளியே எடுப்பதும், யாரும் பார்க்காதபோது மறுபடி உள்ளே சொருகுவதுமாக ஒரு வாரம் ஓடும். பையன் போய்ச் சேருவான். தினம் டெலிபோனில் முகம் காட்டுவான். குளிர் கொஞ்சம் அதிகம் என்பான். பிறகு திரும்பி வருவான். "அங்கே என்னடா கற்றுக்கொண்டாய்?" என்று தாத்தா கேட்பார். பையன் உடனே போட்டோக்களைக் காட்டுவான். பாலம், பனி, பாலத்தின் மேல் பனி, பனியின் மேல் பையன். தாத்தா தலையை ஆட்டிவிட்டுக் காப்பி சாப்பிடப் போய்விடுவார்.

தாத்தாவின் கேள்வி நல்ல கேள்வி. வேற்று நாட்டில் போய் இருந்தால் ஒருவன் என்னதான் கற்றுக்கொள்கிறான்? யாரிடம் கற்றுக்கொள்கிறான்? அதற்கு யார் செலவு செய்கிறார்கள்? இதற்குப் பதில் தேடி உங்களை லண்டனுக்கோ பாரிஸுக்கோ அழைத்துப் போகப் போவதில்லை. நாம் போகப் போவது தருமபுரிக்கு.

சிரிக்காதீர்கள். நம்மவர்கள் அங்கே போய்ப் படிப்பதற்கு வெகு காலம் முன்னால், அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வந்து, தருமபுரியில் ஏழு வருஷம் இருந்தது. இன்றைய கணக்கில் பதினாலு செமஸ்டர். கட்டடம் கிடையாது, புரொபஸர் கிடையாது, பரீட்சை கிடையாது. ஆனால் அந்தப் படிப்பின் விளைவு இன்றும் உங்கள் வீட்டுப் பீரோவுக்குள், சொத்துப் பத்திரங்களோடு மடித்து வைத்த காகிதத்தில் இருக்கிறது. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ரயிலில் போகிறவர்கள் சேலம் பாதையில் மொரப்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போகலாம். பெங்களூர்-சேலம் ரயில் பாதையில் தருமபுரிக்கே ஸ்டேஷன் உண்டு. பஸ்ஸில் போவதானால் ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, பாறை, அடிவாரத்தில் சிவப்பு மண். நெல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் வறட்சியாகத்தான் தோன்றும். கொஞ்ச நேரம் போனால் புளியமரமும் மாந்தோப்பும் கேழ்வரகுக் கொல்லையும் கண்ணுக்குப் பிடிபட ஆரம்பிக்கும். கடைத்தெருவில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து கேட்கும். ஒகேனக்கலில் காவிரிக்கு அக்கரை கர்நாடகம் அல்லவா?

ஊருக்கு வந்தவர்கள் கோட்டைக் கோயிலைப் பார்க்காமல் போவதில்லை. மல்லிகார்ஜுன சுவாமியும் காமாட்சி அம்மனும் குடிகொண்ட இடம். மண்டபத்தில் ஒரு தூண் தரையைத் தொடாமல் தொங்குகிறது. அடியில் காகிதத்தை நுழைத்து மறுபக்கம் எடுத்துப் பார்க்காத குழந்தை அந்த ஊரில் இருக்க முடியாது. நானும் நுழைத்துப் பார்த்தேன். பிறகு மியூஸியத்தில் இருக்கும் நடுகற்களையும் பாருங்கள். ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரர்களுக்கு அந்தந்த ஊரார் நட்ட கற்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம்.

பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவ்வையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லாத வீடு உண்டா? வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண்மணியை, அரசன் நாள் கணக்காகத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வந்த முதல் நாளில் காட்டிய அன்பையே கடைசி நாள் வரை காட்டினான். பிறகு அந்த அம்மாளையே தொண்டைமானிடம் தூது அனுப்பினான். வந்தவர்களை உட்கார வைத்துப் பேசுகிற வழக்கம் தகடூருக்கு இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம். நான் சொல்ல வந்த பிள்ளைக்கும் அது உபயோகப்பட்டது.

அந்தப் பிள்ளையின் பெயர் தாமஸ் மன்றோ.

"அட, தீவுத்திடலில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரா?" என்று சென்னைவாசிகள் கேட்பீர்கள். அவரேதான். சேணமும் இல்லாமல், அங்கவடியும் இல்லாமல், சிற்பி சான்ட்ரி செய்து வைத்த அந்தக் குதிரையின் மேல் 1839 முதல் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கவர்னராகி, 'ஸர்' ஆகி, சிலையும் ஆனவர். இங்கே வந்தபோது அப்படி இல்லை. குடும்பம் நொடித்துப் போய், படிப்பை விட்டுக் கப்பலேறிய பதினெட்டு வயதுப் பையன்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரம். 1761-ல் பிறப்பு. தகப்பனார் அமெரிக்காவில் வர்ஜீனியாவோடு வியாபாரம் செய்தவர். பையன் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கணிதமும் ரசாயனமும் படித்தான். புத்தகப் பைத்தியம். டான் குவிக்ஸோட்டை மூல பாஷையிலேயே படிக்க வேண்டுமென்று அகராதியை வைத்துக்கொண்டு தானாகவே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவன். அதற்குள் அமெரிக்கக்காரர்கள் சுதந்திர யுத்தம் தொடங்கினார்கள். தகப்பனாரின் வியாபாரம் விழுந்தது. அங்கே சுதந்திர முரசு கொட்டியதில் இங்கே ஒரு வீட்டில் அடுப்பு அணைகிற நிலைமை. பையனுக்குக் கம்பெனிப் பட்டாளத்தில் 'காடெட்' வேலை கிடைத்தது. மாதக் கணக்காகக் கடலில் வந்து, 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கினான்.

அந்த வருஷமே ஹைதர் அலியோடு யுத்தம். புள்ளலூரில் கம்பெனிப் படைக்கு விழுந்த பெரிய அடியைப் பக்கத்துப் படையிலிருந்து பார்த்தவர். அதையெல்லாம் சரித்திரப் புத்தகத்துக்கு விட்டுவிடுவோம். தாய்மார்களுக்கு வேண்டிய சமாசாரம் வேறு. அவர் தம் சகோதரிக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தம் படுக்கையை வர்ணித்திருக்கிறார். குறுக்காக நிறுத்திய நாலு குச்சிகள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய ஒரு துண்டுக் கித்தான், அதுதான் கட்டில். போர்வை கிடையாது. குளிர் காலத்தில் ஊரிலிருந்து கொண்டு வந்த மேல்கோட்டின் இரண்டு கைகளுக்குள்ளும் இரண்டு கால்களை நுழைத்துக்கொண்டு, கோட்டின் கீழ்ப் பாகத்தைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொள்வாராம். இந்தியாவுக்குப் போனவன் தங்கக் கட்டிலில் படுத்திருப்பான் என்று கிளாஸ்கோவில் நினைத்துக் கொண்டிருந்தவர்கள் அந்தக் கடிதத்தைப் படித்து என்ன செய்திருப்பார்கள்? சிரித்திருப்பார்கள்; அப்புறம் அம்மா உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக் கொண்டிருப்பாள். அந்தக் காலத்தில் ஒரு கடிதம் போய்ச் சேர அரை வருஷம் ஆகும். ஒரு செமஸ்டர்!

பையன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் பணம் அனுப்பினான். மீதி நேரத்தில் ஹிந்துஸ்தானியும் பாரசீகமும் படித்தான். பாரசீகச் சுவடி ஒன்றில், கடனுக்கு ஈடாக உடம்பிலிருந்து சதையை அறுத்துக்கொள்ள வந்த கதை இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஷைலக்குக்கு ஒரு கீழ்நாட்டுச் சகோதரன்! அதை அவர் இங்கிலீஷில் எழுதி அனுப்ப, 1790-ல் மலோன் பதிப்பித்த ஷேக்ஸ்பியர் நூலில் அது அச்சாயிற்று. கூடாரத்தில் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவரின் காரியம் இது.

இந்தப் பாஷை ஞானம்தான் அவரைத் தருமபுரிக்குக் கொண்டு வந்து சேர்த்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக் கொடுத்தார். பாராமகால் என்றால் பன்னிரண்டு மகால், பன்னிரண்டு கோட்டை என்று பொருள் சொல்வார்கள். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ச் சீமை. நாட்டை வாங்கியாயிற்று, நிர்வாகம் பண்ண ஆள் வேண்டுமே! சென்னையில் இருந்த சிவில் உத்தியோகஸ்தர்களில் பெரும்பாலோருக்கு நாட்டு பாஷை தெரியாது. துபாஷி சொன்னதுதான் வேதம். ஆகவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், பட்டாளத்திலிருந்தே ஆட்களை எடுத்தார். தலைவர் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட். உதவிக்கு மூன்று பேர்: கிரகாம், மக்லியாட், மன்றோ. மன்றோவின் பங்குக்கு விழுந்தது தருமபுரிப் பகுதி.

'இவரை மாணவன் என்று சொல்லலாமா? வரி வசூலிக்க வந்த உத்தியோகஸ்தர்தானே?' என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபணை. ஆனால் அந்த மனிதருக்கு வயது முப்பது. சோளத்துக்கும் கம்புக்கும் வித்தியாசம் சொல்ல வேண்டிய வேலை. எந்த மண்ணில் எது விளையும், கிணறு வெட்டினால் எத்தனை நாளில் தண்ணீர் வரும், மழை தவறினால் குடியானவன் எதை விற்பான் என்று அவர் படித்த கிளாஸ்கோவில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. வாத்தியார் தருமபுரிக் குடியானவர்.

வகுப்பு நடந்த விதம் வேடிக்கை. கூடாரத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். காலையில் கூடாரம் போட்டதும் ஜனங்கள் கூடிவிடுவார்கள். இந்த நாட்களில் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அந்தக் காட்சியை அப்படியே வடித்திருக்கிறார். ஏழு மணிக்குக் கடிதத்தைத் தொடங்கினாராம். மணி பன்னிரண்டு ஆகியும் முடிக்க முடியவில்லை. சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். தமக்கென்று ஒரு மணி நேரம் கிடையாது என்று புலம்புகிறார். ஒருவர் தன் தகப்பனார் முப்பது வருஷத்துக்கு முன் வாங்கிய கடனின் நீண்ட கதையைச் சொல்கிறார். இன்னொருவர், யுத்தத்தின் போது ஊரில் இல்லாத சமயம் பார்த்துத் தம்பி சொத்தை விழுங்கிவிட்டான் என்கிறார். மூன்றாவது ஆள் வருகிறார்: வழக்கமான தீர்வையை இந்த வருஷம் கட்ட முடியாது, ஏனென்றால் பெண்சாதி செத்துப் போய்விட்டாள், என்னிடமிருக்கும் நல்ல காளையைக் காட்டிலும் அவள் அதிகமாக உழைத்தவள் என்கிறார்.

இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெயர் கூட இல்லை அந்தப் பெண்ணுக்கு. களை எடுத்திருப்பாள், கேழ்வரகு திரித்திருப்பாள், களி கிண்டியிருப்பாள், தண்ணீர் சுமந்திருப்பாள். சர்க்கார் கணக்கில் அவளுக்கு ஒரு வரி கிடையாது. அவள் போன பிறகுதான், அந்த நிலத்தின் விளைச்சலில் அவள் பங்கு எவ்வளவு என்று புருஷனுக்கே தெரிந்தது. அதை அவன் காளைக் கணக்கில் சொன்னான். அதற்கு மேல் உயர்ந்த கணக்கு அவனுக்குத் தெரியாது, பாவம். எந்தப் பொருளாதாரப் பாட புத்தகத்தில் மன்றோ இந்தப் பாடத்தைப் படித்திருக்க முடியும்?

இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ரீடும் அவர் சிஷ்யர்களும் ஒரு முறையைக் கண்டார்கள். நடுவில் ஜமீன்தாரோ குத்தகைக்காரரோ வேண்டாம். ஒவ்வொரு வயலையும் அளந்து, நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று பிரித்து, இவ்வளவு தீர்வை என்று குறித்து, உழுகிறவனோடு சர்க்கார் நேராகப் பேசிக்கொள்வது. ரயத்வாரி என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டோமே, அது பிறந்த தொட்டில் இந்தச் சிவப்பு மண்தான். பிற்பாடு ராஜதானியின் பெரும் பகுதிக்கும் அதுவே சட்டமாயிற்று. நிலம் இன்னாருடையது என்று சர்க்கார் நேரே எழுதிக் கொடுக்கிற பட்டா உங்கள் பீரோவில் இருக்கிறதே, அதன் பூர்விகத்தைத் தேடிக்கொண்டு போனால் மன்றோவின் கூடாரத்துக்குத்தான் போய்ச் சேரவேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது சரியல்ல. படிப்புக்குச் சம்பளம் கட்டியது யார்? தருமபுரி உழவர்தான். அளந்தது, எழுதியது எல்லாம் கடைசியில் கம்பெனியின் கஜானாவுக்காக. தீர்வை பல இடங்களில் தாங்க முடியாததாக இருந்தது. பிற்பாடு கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் கலெக்டராக இருந்தபோது அது மன்றோவுக்கே உறைத்தது. 1807-ல் ஊருக்குப் புறப்படுமுன், தீர்வையில் நாலில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். மேலிடம் உடனே கேட்கவில்லை. அதுமட்டுமா? மன்றோ போன சில வருஷங்களிலேயே இந்தச் சேலம் ஜில்லாவிலேயே நிலங்களை 'மிட்டா' மிட்டாவாக ஏலம் போட்டார்கள். குடியானவர் சொல்லிக் கொடுத்த பாடத்தை அந்தக் குடியானவர் ஊரிலேயே அழித்துவிட்டு, பல வருஷம் கழித்துத்தான் மறுபடி எழுதினார்கள். மாணவன் கெட்டிக்காரன் என்பதால் பள்ளிக்கூடத்துக்கு நல்லது நடந்துவிடும் என்று சொல்ல முடியாது போலிருக்கிறது.

தருமபுரியில் அவர் ஒரு தோட்டம் போட்டார். கணக்கும் வழக்கும் போக மிஞ்சிய நேரமெல்லாம் அதில்தான். இன்று அதைத் தேடிக் கொண்டு போகாதீர்கள். இருநூறு வருஷத்துத் தோட்டத்தை எந்த ஊர் காப்பாற்றி வைத்திருக்கிறது? 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும், அவரைக் கன்னடக் கடற்கரைக்கு மாற்றினார்கள். பெரிய பதவிதான். மனிதர் சந்தோஷப்படவில்லை. பாராமகாலை விட்டுப் போவது, ஸ்காட்லாந்தை விட்டு வந்ததைக் காட்டிலும் வருத்தமாயிருக்கிறது என்று சகோதரிக்கு எழுதினார். பிறந்த ஊரை விட்ட போது புது நாட்டைப் பற்றிய கனவாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை என்பது அவர் கட்சி. விட்டுப் போகிற தோட்டத்தைப் பற்றியும் மனம் உருகியிருக்கிறார்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 1808-ல், இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு, பிறந்த மண்ணை மிதித்தார். காது மந்தமாகியிருந்தது. சின்ன வயதில் விளையாடிய ஆற்றங்கரைக்குத் தனியாகப் போனார். விடாத மழை. அணையின் மேல் வழிந்து விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார். மழையோடு மழையாகப் பழுத்த இலைகள் அவரைச் சுற்றி உதிர்ந்துகொண்டிருந்தன. ஊரில் தமக்குப் பிடித்த ஒரே பொழுதுபோக்கு தனியே நடப்பதுதான் என்று எழுதியிருக்கிறார். தருமபுரியில் இருந்தபோது கிளாஸ்கோ நினைவு. கிளாஸ்கோ போனதும் கால் தரிக்கவில்லை. ஆறு மாதம் போய்விட்டு வந்த உங்கள் பெண், ஞாயிற்றுக்கிழமை மாலையில் காரணமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றால், 'என்னடி குறை உனக்கு?' என்று அதட்டாமல் கொஞ்சம் விட்டு வையுங்கள்.

அவர் திரும்பி வந்ததும், 1820-ல் சென்னைக்குக் கவர்னரானதும் பெரிய கதை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். வந்த இடத்தில் பாடம் கேட்டவர், நம் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1822-ல் எல்லா ஜில்லாக் கலெக்டர்களுக்கும் உத்தரவு போயிற்று. 1826-ல் கூட்டிப் பார்த்ததில் ராஜதானியில் 12,498 பள்ளிக்கூடங்கள், ஏறக்குறைய 1,88,000 பிள்ளைகள். இவையெல்லாம் திண்ணையிலும் மரத்தடியிலும் நடந்த நம் சொந்தப் பள்ளிக்கூடங்கள். பெண் குழந்தைகள் மிகச் சொற்பம். காளைக்கு மேல் உழைத்தவள் எழுதப் படிக்கத் தெரியாமல்தான் போயிருப்பாள். அதற்கு முன்பே 1824-ல், இந்தியர்களை உயர்ந்த பதவிகளிலிருந்து ஒதுக்கி வைத்தால் ஒரு ஜன சமூகமே தாழ்ந்து போகும் என்று மன்றோ எழுதினார். அந்தக் குறிப்பைப் போற்றியவர்கள் உண்டு. அவசரமாகச் செயல்படுத்தியவர்கள் இல்லை. 1827-ல் சுற்றுப் பயணத்தின் போது, இன்றைய ஆந்திரத்தில் பத்திகொண்டா என்ற ஊரில் காலரா கண்டு இறந்தார். ராயலசீமையில் பிள்ளைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பெயர் வைத்தவர்களும் உண்டு.

மன்றோ படித்த கூடாரத்தில் பேசியது பலர், எழுதிக்கொண்டது ஒருவர். எதிரே நின்ற குடியானவர் கையில் பேனா கிடையாது. அவர் கையிலும் ஒன்றைக் கொடுத்திருந்தால்? இந்தப் பரீட்சையைச் செய்து பார்த்த இடம் ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. அதற்கு நீலகிரிக்கு ஏற வேண்டும். கோத்தகிரியில் 'கீஸ்டோன்' என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. காடு, தேன், மலைவாழ் மக்களின் பிழைப்பு இவற்றில் பல வருஷமாக உழைக்கிற ஸ்தாபனம். அமெரிக்காவின் கார்னல் சர்வகலாசாலையோடு சேர்ந்து 2015-ல் அங்கே ஒரு செமஸ்டர் வகுப்பு தொடங்கினார்கள். பதினைந்து வாரம். அதன் விசேஷம் என்னவென்றால், வகுப்பில் அமெரிக்க மாணவர்கள் மட்டும் இல்லை. நீலகிரியின் ஆதிவாசிக் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களும் பெண்களும் அதே அறையில், அதே பாடத்துக்கு மாணவர்கள். முதலில் சேர்ந்து படிப்பது, பிறகு ஜோடியாகக் கிராமங்களுக்குப் போய் விசாரிப்பது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, காட்டுக் கீரை எது சாப்பிடுகிறார்கள், கைக்குழந்தைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது போன்ற விஷயங்கள்.

நியூயார்க் மாகாணத்துப் பெண்ணுக்குக் கீரையின் பெயர் தெரியாது; அடுத்த நாற்காலியில் இருக்கும் இருளர் பெண்ணுக்குத் தெரியும். கணக்கெடுத்து அட்டவணை போடுவது எப்படி என்று அவளுக்கு இவள் காட்டலாம். ஒருத்தி கேள்வி கேட்கும்போது மற்றவள் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்க்கிறவளுக்கே தன் பாட்டி சொல்கிற வார்த்தை சில சமயம் புதிதாக இருக்கலாம். வீட்டு நிலைமையை ஆராய்கிறவள் அந்த வீட்டுப் பெண்ணாகவே இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. சீமைக்கு அனுப்புகிற அப்பா அம்மாக்கள், காலேஜ்காரர்களிடம் ஹாஸ்டலில் சைவச் சாப்பாடு உண்டா என்று கேட்பதோடு, அந்த ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருவார்களா, அல்லது நம்மவர்களை மட்டும் தனி அறையில் அடைத்து வைப்பார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம். நாலு மாதமும் நாலு தமிழ்ப் பையன்களோடேயே இருந்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ரசம் வைக்க நன்றாகக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதுவும் ஒரு வித்தைதான், மறுக்கவில்லை.

மறுபடி தருமபுரிக்கே வருவோம். ஒகேனக்கலுக்கு எல்லாரும் போகிறார்கள்; நீங்களும் போங்கள். பரிசலில் ஏறுங்கள், மீன் வறுவல் வாசனைக்கு மயங்காமல் இருந்தால் மெச்சுவேன். ஊர் திரும்பும்போது மாவட்டத்துப் புளி இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அவகாசம் இருந்தால், கோடை முடிகிற சமயத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். வருஷா வருஷம் அப்போது ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகளை எடுத்து வைத்துச் சரிபார்த்து, ஜனங்களிடம் மனு வாங்குகிற வைபவம். கூடாரத்துக்குப் பதில் ஷாமியானா. மைக் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு. ஆனால் ஒருவர் தகப்பனார் காலத்து வழக்கைச் சொல்ல, இன்னொருவர் தம்பியைப் பற்றிப் புகார் சொல்ல, அதிகாரி மணியைப் பார்த்துக்கொண்டு கேட்கிற காட்சியைப் பார்த்தால் எனக்கு அந்தப் பழைய கடிதத்தைப் படிப்பது போலவே இருந்தது.

வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. கையில் பிளாஸ்டிக் உறை; உறைக்குள் மடித்து மடித்துக் கிழிந்த பட்டா. முறை வந்ததும் அதை மேஜை மேல் வைத்தாள்.

"வூட்டுக்காரரு போயி மூணு வருசமாச்சுங்க. ஒழவு, களையெடுப்பு எல்லாம் நாந்தாங்க. பட்டாவை எம் பேருக்கு மாத்திக் குடுங்க."

அதிகாரி காகிதத்தைப் பிரித்தார். "வாரிசுச் சான்றிதழ் வைத்திருக்கிறீர்களாம்மா?" என்று கேட்டார்.

"எல்லாம் இருக்குதுங்க" என்று அந்த அம்மாள் உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.